கூல்ட் வாசித்தபோதும் சிரித்தார்களா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய பதின்மூன்று வயது மகள் பியானோ கற்கிறாள். பியானோ மேதை கிளென் கூல்ட் வாசிக்கும் பழைய காணொளிகளைப் பார்த்ததிலிருந்து தாழ்வான ஸ்டூல்தான் வேண்டும் என்கிறாள், முதுகைக் கூனிக்கொள்கிறாள், வாசிக்கும்போது கூடவே முனகுகிறாள். போன மாதம் ஒரு பள்ளி மண்டபத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இன்வென்ஷன் என்ற சிறு உருப்படி ஒன்றை வாசித்தாளாம். பின்வரிசையில் சிரிப்பு. முடிவதற்கு முன்பே ஒருவர் கைதட்டிவிட்டார். இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் "மேடை மரியாதை தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கூல்டைப் பார்த்தும் ஜனங்கள் இப்படித்தான் சிரித்தார்களா, இவளைத் திருத்துவதா விடுவதா என்கிறார்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு ஆலயத்தில் முப்பது வருஷமாக ஆர்கனும் பியானோவும் வாசிக்கிறவன். பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கூல்ட் பைத்தியம் எனக்கும் ஒரு காலத்தில் நன்றாகவே பிடித்திருந்தது.

சிரித்தார்கள் ஐயா, நன்றாகவே சிரித்தார்கள். சிரிக்காமல் எப்படி இருப்பார்கள்? கனடாவின் டொராண்டோவில் 1932இல் பிறந்த மனிதர். அப்பா செய்து கொடுத்த மடக்கு நாற்காலி ஒன்றை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவார். அதன் கால்களை நான்கு அங்குலம் அறுத்து, தரையிலிருந்து 14 அங்குல உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார் அப்பா. நம் வீட்டு மணையைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அதில் உட்கார்ந்தால் மூக்கு பியானோ கட்டைகளைத் தொட்டுவிடும் போலிருக்கும். ஒரு கை சும்மா இருந்தால் அது காற்றில் தாளம் போடும், இன்னொரு கைக்கு இவரே இசைக்குழு நடத்துநர் மாதிரி. ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் நேரத்தில் கால்மேல் கால் போட்டுக்கொள்வார், தண்ணீர் குடிப்பார். மேடை ஏறுமுன் இருபது நிமிடம் கைகளை வெந்நீரில் ஊறப் போட வேண்டும். எந்தப் பருவமானாலும் கோட்டு, கழுத்துத்துணி, கையுறை. ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் பூங்கா பெஞ்சில் அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தவரை நாடோடி என்று நினைத்துப் போலீஸ்காரர்கள் பிடித்த கதையும் உண்டு. நம் ஊர் கத்திரி வெயிலில் பழைய பேருந்து நிலையத்தில் அப்படி நின்றிருந்தால் போலீஸ் வராது, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் யாராவது கூட்டிப்போயிருப்பார்கள்.

ஆனால் சிரித்த அதே அரங்கில் சிரிப்பு எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள். 1955 ஜனவரியில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் அடுத்தடுத்து இரண்டு கச்சேரிகள். வயது 22. புதிதாக வருகிறவர்கள் ஷோப்பன், லிஸ்ட் என்று வாசித்துக் கைதட்டல் வாங்குவதுதான் வழக்கம். இவர் 17ஆம் நூற்றாண்டின் கிப்பன்ஸ், ஸ்வீலிங்க் என்று தொடங்கி, பாக், பீத்தோவன் வழியாக 20ஆம் நூற்றாண்டின் பெர்க், வேபர்ன் என்று கொண்டுபோய் நிறுத்தினார். கல்யாணக் கச்சேரியில் ஒரு சினிமாப் பாட்டுகூட இல்லாமல் முழுக்க, காதுக்குச் சட்டென்று பிடிபடாத விவாதி மேள ராகங்களாகப் பாடிவிட்டு இறங்குவது மாதிரி. நியூயார்க் கச்சேரிக்கு மறுநாளே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தத்தோடு வந்தது. அந்த வருஷம் ஜூனில் பதிவான பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், ஒரு பாட்டும் அதன் மாறுபாடுகளும் கொண்ட உருப்படி, அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

மாஸ்கோ கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1957 மே மாதம். சோவியத் நாட்டில் இவர் பெயரே யாருக்கும் தெரியாது. மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய மண்டபத்தில் முதல் நாள் பாதி நாற்காலிகள் காலி. இடைவேளையில் வந்திருந்தவர்கள் எல்லாம் தொலைபேசிக்கு ஓடி, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, உடனே வா என்றார்களாம். இரண்டாம் பாதிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது என்பார்கள். அங்கே யாருக்கும் அவருடைய நாற்காலியைப் பற்றி முன்கூட்டிக் கேள்விப்பட்டுச் சிரிக்கத் தயாராக வரும் வாய்ப்பு இருக்கவில்லை, காதுதான் முதலில் வேலை செய்தது. சில நாள் கழித்து அங்கே மாணவர்களுக்கு முன்னால் வேபர்ன் போன்ற நவீனங்களை, அந்த நாட்டில் அப்போது ஆதரவில்லாத சரக்கை, விளக்கம் சொல்லி வாசித்தார். வயதான பேராசிரியர்கள் சிலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். பையன்கள் இன்னும் வாசி என்றார்கள். ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே வாரம்.

ஆக, ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. எதை எதிர்பார்த்து வந்தார்களோ அதைப் பொறுத்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1962 ஏப்ரல் 6. நியூயார்க் கார்னகி ஹாலில் பிராம்ஸின் டி மைனர் கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி. பியானோவில் கூல்ட். நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் அவரே மேடைக்கு வந்து பேசினார். இன்றைக்கு நீங்கள் கேட்கப்போவது வழக்கத்துக்கு மாறான பிராம்ஸ், இந்த வேகத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் கூல்ட் இதை ஆழ்ந்து யோசித்து எடுத்திருப்பதால் நடத்தித் தருகிறேன் என்று. கான்செர்ட்டோவில் முதலாளி யார், வாசிப்பவரா நடத்துபவரா என்றும் கேட்டு வைத்தார். சபை சிரித்தது. நல்ல நட்போடு, கூல்டின் சம்மதத்தோடு பேசியதுதான். ஆனால் நினைத்துப் பாருங்கள், மாப்பிள்ளை அழைப்பிலேயே பெண்ணின் மாமா எழுந்து "எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கல, இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொன்னால், அப்புறம் யார் மாப்பிள்ளையின் முகத்தைச் சாதாரணமாகப் பார்ப்பார்கள்? ஐம்பது நிமிடத்துக்கும் மேல் ஓடிய அந்த வாசிப்பை எல்லாரும் "மெதுவா இருக்கா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

மறுநாள் விமர்சகர் ஹரால்ட் ஷான்பெர்க், ஒசிப் என்ற பழைய நண்பருக்குக் கடிதம் எழுதும் பாவனையில் நியூயார்க் டைம்ஸில் கிண்டலாக எழுதினார். வேகமாக வாசிக்கக் கை வராததால்தான் மெதுவாக வாசிக்கிறாரோ என்றுகூடச் சாடை காட்டினார். அந்த ஒலிப்பதிவு இப்போதும் கிடைக்கிறது. கேட்டால் முதல் பகுதி நிஜமாகவே நிதானம்தான், ஆனால் காது கூசும்படி ஒன்றும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை. இருபது வருஷம் கழித்து இதே பெர்ன்ஸ்டைன், கிறிஸ்டியன் சிமர்மன் என்ற பியானோ கலைஞரோடு வியன்னாவில் இதே கான்செர்ட்டோவை ஏறக்குறைய இதே மெதுவில் நடத்தியிருக்கிறார். யாரும் மேடையேறி முன்னுரை சொல்லவில்லை, யாருக்கும் அது விபரீதமாகவும் படவில்லை.

இப்போது அந்த நாற்காலிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். அது வெறும் கோமாளித்தனம் இல்லை. தோளிலிருந்து எடையை இறக்கி அடிக்காமல், விரல்களாலேயே கட்டையைத் தன் பக்கம் இழுப்பது போன்ற ஒரு வாசிப்பு அவருடையது. அவருடைய ஆசிரியர் கெரேரோ வழியாக வந்தது. பெடலை அளந்து போட்டு, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக உதிர்த்துக் கொடுப்பார். பாக்கில் மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும், எந்தக் குரலும் எதிலும் மூழ்காமல் கேட்க வேண்டும். அதற்கு இந்த முறை பிரமாதம். பெரிய பெரிய நாதத்தை மண்டபம் அதிர எழுப்ப வேண்டிய சங்கீதத்துக்கு இது அவ்வளவு உதவாது. அவருடைய மொசார்ட் பதிவுகளை என்னால் இன்றுவரை முழுசாகக் கேட்க முடிந்ததில்லை. வேண்டுமென்றே கெடுத்தது மாதிரி இருக்கும். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

முனகல் வேறு விஷயம். அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள், இசைத்தட்டில் அது விழுந்தே தீர்ந்தது. அந்த நாற்காலியின் கிறீச்சும் விழுந்தது. ரசிகர்களில் ஒரு கூட்டம் முனகல் இல்லாவிட்டால் கூல்ட் இல்லை என்று கும்பிடுகிறது. நாற்காலியைப் பார்த்துச் சிரித்தவர்களும் முனகலைக் கும்பிடுபவர்களும் என் கணக்கில் ஒரே கட்சி. இரண்டு பேரும் பாக்கைக் கேட்கவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒருமுறை வாய்ப்பு வந்தது. கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி முடிந்து பாடகர் குழு ஆட்கள் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யார், எவர் என்று சொல்லாமல் கோல்ட்பெர்க்கின் இரண்டு பதிவுகளைப் போட்டேன். ஒன்று 1955இல் பதிவானது, மொத்தம் 38 நிமிடம். இன்னொன்று 1981இல் பதிவானது, 51 நிமிடம். இரண்டுமே கூல்ட். முதலில் வரும் ஆரியா என்ற பாட்டு பழையதில் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், புதியதில் மூன்று நிமிடம் போகும். நடுவில் 30 மாறுபாடுகள், கடைசியில் மறுபடி அதே ஆரியா.

பழையது ஓடியபோது இளைஞர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "மிஷின் மாதிரி அடிக்கிறாரு" என்றான் கிட்டார் வாசிக்கும் பையன், பாராட்டுத்தான். புதியதைப் போட்டதும் அக்கா ஒருவர், "கூட யாரு முனகுறாங்க? உடம்பு சரியில்லாதவங்களா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அவருக்கு முனகல் மட்டும்தான் கேட்டது, பாவம்.

அன்று எங்களோடு ஆரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் குழுவில் ஒருவருக்கு மாமனார். செய்யாறு, ஆரணி வட்டாரத்துக் கூத்துகளுக்கு நாற்பது வருஷம் பெட்டி வாசித்தவர். பெட்டி என்றால் ஆர்மோனியம், இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முதல் பதிவில் அவருக்குத் தூக்கமே வந்துவிட்டது. இரண்டாவதில் கொஞ்ச நேரம் கழித்துத் தொடையில் தட்ட ஆரம்பித்தார். ஏழெட்டு மாறுபாடுகள் போயிருக்கும். "பாட்டு மாறுது, ஆனா இவன் தாளத்த விடவே இல்லயே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1981 பதிவின் சூட்சுமமே அதுதான். முதல் பதிவில் ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் தனித்தனி வேகம் வைத்து ஓடினதாகவும், ஐம்பது நிமிட சங்கீதத்துக்கு அடியில் ஒரே நாடித்துடிப்பு இருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியதாகவும் கூல்டே சொல்லியிருக்கிறார். ஒரு மாறுபாட்டின் துடிப்பைப் பாதியாக்கியோ இரட்டிப்பாக்கியோ அடுத்ததைப் பிடிக்கிறார். நம் பாஷையில் ஒன்றாம் காலம், இரண்டாம் காலம் என்று போவது மாதிரி. பெரியவருக்குப் பாக் யாரென்று தெரியாது, பியானோ வாசிப்பவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரியாது. திரௌபதை அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்துக்கு வாசித்த கை, தாளம் எங்கே உடைகிறது என்று தேடியே பழகியது, இங்கே உடையவில்லை என்று கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் கடைசி ஆரியா வரும்போது மறுபடி தூங்கிவிட்டார், அது வேறு கதை.

சரி, ரசிகர்களைப் பற்றிக் கூல்ட் என்ன நினைத்தார்? பிடிக்கவே பிடிக்காது. தனித்தனி மனிதர்களாகப் பிடிக்கும், கூட்டமாகச் சேர்ந்தால் ஆகாது. கச்சேரி மேடை என்பது ரோமாபுரியின் களம் மாதிரி, வாசிப்பவன் எப்போது சறுக்குவான் என்று பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்பது அவர் கட்சி. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ரோமாபுரி வரை போக வேண்டாம். தை மாசத்தில் எருது விடும் விழாவுக்குப் போயிருப்பீர்களே. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, மாடு இத்தனை நொடியில் ஓடியது என்று மைக்கில் சொல்வார்கள். ஓடுகிற மாட்டைப் பார்க்க எத்தனை பேர், அது தடுப்பில் மோதுவதைப் பார்க்க எத்தனை பேர்? கூல்ட் தன்னை அந்த மாடாகத்தான் பார்த்தார். கைதட்டலையே தடைசெய்ய வேண்டும் என்று 1962இல் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் ஒரு கட்டுரை எழுதினார். 1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலிஸில் கடைசிக் கச்சேரி. வயது 31. அதற்குப் பிறகு 1982இல் சாகும்வரை ஒலிப்பதிவுக் கூடம், வானொலி, தொலைக்காட்சி மட்டும்தான். 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் அவர் வாசித்த பாக் ஒன்றும் இருக்கிறது. இருமவும் கைதட்டவும் ஆளில்லாத இடம், அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

இந்த விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. நம்மிடம் புல்லாங்குழல் மாலி இருந்தார், டி.ஆர். மகாலிங்கம். கூல்டைவிட ஆறு வயது மூத்தவர், அவரைப் போலவே சின்ன வயதிலேயே மேடையேறிய மேதை. வருவாரா மாட்டாரா தெரியாது, வந்தாலும் நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். ஜனங்கள் திட்டிக்கொண்டே அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கினார்கள். மாடு மோதுவதைப் பார்க்க வந்த கூட்டம் அப்படிச் செய்யாது. அந்தக் குழலில் ஒரு ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும் என்று வந்த கூட்டம் அது.

முடிவதற்கு முன்பே கைதட்டியவரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை விட்டுவிடுங்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசையை மூச்சுக் காட்டாமல் கேட்க வேண்டும் என்பதே பின்னால் வந்த வழக்கம். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி ஒன்று அரங்கேறியபோது முதல் பகுதியின் நடுவிலேயே சபை கைதட்டியது என்று மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். அந்த இடத்தில் தட்டுவார்கள் என்று தெரிந்தேதான் வைத்தாராம், கடைசியில் மறுபடி ஒருமுறையும் வைத்தாராம். கச்சேரி முடிந்ததும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டார் என்பது வரை அதில் இருக்கிறது. நல்ல பிடி ஒன்று விழுந்தால் "ஆகா" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். உங்கள் மண்டபத்தில் தட்டியவர் எந்த இடத்தில் தட்டினார் என்று மகளைக் கேளுங்கள். இரண்டு கையும் சேர்ந்து ஒரு முத்தாய்ப்பில் வந்து நின்ற இடமாக இருந்தால், அவர்தான் அன்று அந்த மண்டபத்தில் ஒழுங்காகக் கேட்டவர்.

மகளுக்கு வருகிறேன். முனகலைத் தடுக்காதீர்கள், வேலை கொடுங்கள். இன்வென்ஷனில் இரண்டு குரல்தான். வலது கையை வாசித்துக்கொண்டே இடது கையின் குரலை வாயால் பாடச் சொல்லுங்கள், அப்புறம் மாற்றச் சொல்லுங்கள். பாக் கற்பிக்கும் எல்லாரும் வைக்கிற பயிற்சிதான். சுதியோடு பாட முடிந்தால் அவள் நிஜமாகவே இரண்டையும் கேட்கிறாள். முடியாவிட்டால் அந்த முனகல் காணொளியிலிருந்து வந்தது, தானாகப் போய்விடும்.

தாழ்வான ஸ்டூல் வேண்டாம். இதில் நான் கண்டிப்பு. மணிக்கட்டு கட்டைகளுக்குக் கீழே தொங்கினால் வளரும் பிள்ளைக்கு வலி வரும். கூல்டுக்கே 1977 வாக்கில் கைகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய், மாதக்கணக்கில் தன் விரல்களையும் மணிக்கட்டையும் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்கு அதையும் சொல்லுங்கள், நாற்காலிக் கதையை மட்டும் சொன்னால் போதாது.

இன்னொன்று. அந்த மண்டபத்துப் பியானோ எந்த நிலையில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வேலூரில் கோடைக் காய்ச்சலில் பலகை சுருங்கிச் சுதி இறங்கும், ஐப்பசி ஈரத்தில் ஏறும். பல மண்டபங்களில் வருஷக்கணக்கில் யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பின்வரிசை அதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், எந்தக் கட்டை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.